ஒரே மேசை, நாலு கல்லா: மலேசியச் சீனக் கடைகளின் சாப்பாட்டுக் கணக்கு

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்கு வந்து 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. சலுகை தொடங்கி ஓராண்டு கழித்து, 2024 டிசம்பரில், மலேசியாவின் காலைச் சிற்றுண்டிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும், ரொட்டி சானாய் என்ற பரோட்டாவும், தே தாரேக் என்ற ஆற்றிய தேநீரும் அதில் அடக்கம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடையோடு நின்றுவிடாமல் சீனர் கடைகளுக்குள்ளும் இப்போது நுழைகிறார்கள். நுழைந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். ஒரே கடையில் ஏன் நாலு பேரிடம் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது? கேட்காமலே வைத்த வேர்க்கடலைக்கு ஏன் பில்? "பன்றி இறைச்சி இல்லை" என்று பலகையே தொங்குகிறதே, பிறகு ஏன் அது ஹலால் கடை இல்லை?

முதல் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: இந்தக் காசு யாருக்குப் போகிறது என்று பார்த்தால் போதும். மூன்றாவதற்கு வேறொன்றைக் கேட்க வேண்டும்: இந்தச் சட்டியில் இதற்கு முன் என்ன வெந்தது?

முதலில் சொற்கள்

"சீனக் கடை" என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நான்கு வகை இருக்கின்றன. நான்கிலும் பணம் கொடுக்கும் முறை வேறு.

1. அங்காடிக் கடை. ஓர் அடுப்பு, ஒரு ஆள், ஒன்றிரண்டு பண்டம். மலாயில் கெராய். பல கெராய்களை ஒரே கூரையின் கீழ் வைத்தால் அது மேடான் செலேரா.

2. கோப்பித்தியாம். மலாய்ச் சொல் கோப்பி, கடை என்று பொருள்படும் ஹொக்கியன் (சீனக் கிளைமொழிகளில் ஒன்று) சொல் தியாம், இரண்டும் ஒட்டிய பெயர். மலேசியத் தமிழர் வாயில் இது வெறும் கோப்பிக்கடை.

3. தாய் சாவ். கன்டோனீசில் "பெரிய வறுவல்" என்று பொருள். பெரிய தீயில் ஒவ்வொரு பதார்த்தமாக வதக்கி, சோற்றோடு நடுவில் வைத்துப் பகிர்ந்து உண்ணும் இரவுக் கடை. ஜொகூர் பக்கமும் சிங்கப்பூரிலும் இதையே ஸி சார் என்பார்கள்.

4. சீன உணவகம். குளிர்சாதனம், வட்ட மேசை, அதன் நடுவே சுழலும் கண்ணாடித் தட்டு, வாசலில் உயிர்மீன் தொட்டி. கல்யாண விருந்தும் பெருநாள் விருந்தும் இங்கேதான். மேசைக்குப் பத்துப் பேர் என்பது விருந்துக் கணக்கு.

கோப்பிக்கடை ஓர் ஒண்டுக் குடித்தனம்

சென்னையில் ஒண்டுக் குடித்தனம் பார்த்தவர்களுக்குக் கோப்பிக்கடை உடனே பிடிபடும். வீட்டுக்காரர் ஒருவர், குடித்தனக்காரர்கள் பலர், முற்றம் பொது. இங்கே வீட்டுக்காரர் தவுக்கே, குடித்தனக்காரர்கள் கெராய்க்காரர்கள், முற்றம் மேசை நாற்காலி போட்ட நடுக்கூடம்.

1. கட்டடம், மேசை, விளக்கு, தண்ணீர் எல்லாம் தவுக்கேயின் பொறுப்பு. கெராய் வைத்திருப்பவர் அவருக்கு நாளுக்கோ மாதத்துக்கோ வாடகை கொடுக்கிறார்.

2. தவுக்கே பானங்களை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். வாடகைக்கு அப்பால் அவருடைய லாபமே அதில்தான். நீங்கள் உட்கார்ந்ததும் முதலில் வந்து நிற்பவர் கோப்பி கேட்கிறவர். அவர் உங்கள் மீயை, அதாவது நூடுல்ஸை, கொண்டு வரமாட்டார். அவரிடம் "ஒரு வான்தான் மீ" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தவர்கள் உண்டு.

3. ஆகவே "குடிக்க ஒன்றும் வேண்டாம்" என்பது நாற்காலியை இலவசமாக எடுத்துக்கொள்வதற்குச் சமம். சில கடைகளில் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கும். வாங்காவிட்டால் சில்லறையாக ஒரு தொகை கேட்பார்கள். வெளியிலிருந்து தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்தாலும் அப்படியே.

4. ஒவ்வொரு கெராயும் தனி வியாபாரம், தனிக் கல்லா. எழுந்து போய்ச் சொல்ல வேண்டும், எந்த மேசை என்று கைகாட்ட வேண்டும். தட்டு மேசைக்கு வந்ததும் காசு கொடுத்துவிட வேண்டும். நாலு கெராயில் வாங்கினால் நாலு பேர் வந்து வாங்கிப்போவார்கள். பானத்துக்கு ஐந்தாவது ஆள்.

5. பக்கத்துக் கோப்பிக்கடையின் கெராயில் சொல்லிவிட்டு இந்தக் கடை மேசையில் உட்காராதீர்கள். பினாங்கில் இரண்டு கடைகள் சுவரொட்டி நிற்கும். எங்கே எல்லை என்று புதியவருக்குத் தெரியாது. நாற்காலியின் நிறத்தைப் பார்த்தால் சில நேரம் தெரிந்துவிடும்.

6. கெராய்களுக்கு வேளை உண்டு. காலையில் மீ விற்றவர் மதியம் துடைத்து மூடிவிட்டுப் போவார், மாலையில் வேறொருவர் வேறு பண்டத்தோடு அதே இடத்தில் அடுப்பு மூட்டுவார். "அந்தக் கடை ருசி" என்று யாராவது சொன்னால் எந்தக் கெராய், எத்தனை மணிக்கு என்றும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பினாங்கின் லோரோங் பாரு போன்ற தெருக்களுக்கு உயிர் வருவதே பொழுது சாய்ந்த பிறகுதான்.

கூப்பிடும் முறையும் உண்டு. கெராயில் நிற்பவர் வயதானவரானால் "அங்கிள்", "ஆன்ட்டி". மற்றபடி "போஸ்" என்றால் மலேசியாவில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு கோப்பிக்கு மூன்று மொழி

மலாயாவுக்கு வந்த சீனர்களில் ஹைனான் தீவினர் சற்றுப் பிந்தி வந்தவர்கள். தகரச் சுரங்கம், மொத்த வியாபாரம் என்று லாபமான தொழில்களில் மற்றவர்கள் ஏற்கெனவே அமர்ந்துவிட்டிருந்தார்கள். ஹைனானியர்களில் பலர் வெள்ளைக்காரர் வீடுகளிலும் விடுதிகளிலும் சமையல்காரர்களாகச் சேர்ந்து, பிறகு அந்தக் கைப்பழக்கத்தோடு கோப்பிக்கடை திறந்தார்கள். ரொட்டியை வாட்டித் தேங்காய்ப்பால் முட்டைக் காயா தடவிக் கொடுப்பதும், அரைவேக்காட்டு முட்டைக்குக் கிச்சாப்பும் (சோயா சாஸ்) மிளகுத்தூளும் வைப்பதும் அந்த வழியில் வந்தவை. கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுப்பதால் கோப்பிக்கு அந்தக் கனத்த நிறமும் கரிந்த இனிப்பு வாசமும் வருகின்றன. கும்பகோணம் டிகிரி காப்பியை எதிர்பார்த்து வாய் வைத்தால் ஏமாற்றம்தான். வேறொரு பானம் என்று நினைத்துக் குடிக்க வேண்டும்.

கேட்பதற்கான சொற்கள் இவை:

1. கோப்பி: கெட்டியான இனிப்புப் பால் சேர்த்தது.
2. கோப்பி ஓ: பால் இல்லாமல், சர்க்கரையோடு. ஹொக்கியனில் ஓ என்றால் கறுப்பு.
3. கோப்பி சி: இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும்.
4. கோசோங்: மலாயில் காலி. சர்க்கரை வேண்டாம் என்று பொருள்.
5. சியூ தாய்: கன்டோனீசில், இனிப்புக் குறைவு.
6. பெங்: பனிக்கட்டி போட்டது.
7. சாம்: கோப்பியும் தேநீரும் கலந்தது.

நீரிழிவு உள்ளவர் மனப்பாடம் செய்ய வேண்டியது "கோப்பி ஓ கோசோங்". வெறும் "கோப்பி, சர்க்கரை வேண்டாம்" என்று கேட்டால் இனிப்புப் பால் உள்ளே போய்விடும். அவர்கள் கணக்கில் அது சர்க்கரை இல்லை, பால்.

பெயர் ஒன்று, பண்டம் வேறு

மலேசியச் சீனர் ஒரே மொழி பேசும் கூட்டம் அல்லர். பினாங்கில் ஹொக்கியன் ஓங்கி நிற்கும், கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் கன்டோனீஸ், ஜொகூரில் தியோச்சூவுக்குச் செல்வாக்கு. ஒரு சொல் ஊர் மாறினால் பொருளும் மாறும்.

இதற்குச் சிறந்த உதாரணம் ஹொக்கியன் மீ. கோலாலம்பூரில் கேட்டால் தடித்த மீயைக் கறுப்புக் கிச்சாப்பில் புரட்டி, பொரித்த பன்றிக் கொழுப்புத் துண்டுகள் தூவி, ஈரப் பளபளப்போடு வைப்பார்கள். பினாங்கில் அதே பெயரைச் சொன்னால் இறால் தலைகளை வறுத்துக் கொதிக்க வைத்த சிவந்த சாற்றில் மீயும் மீஹூன் என்ற அரிசிச் சேமியாவும் மிதக்கும். கோலாலம்பூர்க்காரர் அதை இறால் மீ என்பார். சிங்கப்பூரில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இணையத்தில் படம் பார்த்துவிட்டு வந்து "இது தவறான தட்டு" என்று சண்டை போடுவதற்கு முன் எந்த ஊரில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

லக்சாவும் இப்படித்தான். பினாங்கில் அது புளிச்சாற்றில் மீன் உதிர்த்துப் போட்டது, தேங்காய்ப்பால் கிடையாது. கோலாலம்பூரில் அது தேங்காய்ப்பால் கறி. அதைப் பினாங்கில் கறி மீ என்பார்கள்.

பாக் குட் தே என்பதில் "தே" இருப்பதால் தேநீர் என்று நினைத்துவிடக் கூடாது. பன்றி விலா எலும்பை மூலிகைகளோடு கொதிக்க வைத்த சாறு அது, கிள்ளான் நகரம் இதற்குப் பெயர் போனது. 2024 பிப்ரவரியில் அரசு இதைத் தேசிய மரபு உணவுகளில் ஒன்றாக அறிவித்தபோது, பன்றி இறைச்சி உணவைத் தேசிய மரபு என்று சொல்லலாமா என்று நாடு முழுக்க வாக்குவாதம் எழுந்தது. மரபு என்று அறிவிப்பது ஒரு பண்டம் இந்த நாட்டில் வேர்விட்டது என்ற பதிவுதான். எல்லாரும் அதை உண்ண வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கண்ணால் போடும் விலை

சாப் ஃபான் கடையில் விலைப்பட்டியல் இருப்பது அபூர்வம். இருபது முப்பது தட்டங்களில் பதார்த்தம் பரப்பியிருக்கும். சோறு வாங்கிக்கொண்டு நீங்களே எடுத்துப் போட வேண்டும், அல்லது கைகாட்ட வேண்டும். கடைசியில் ஓர் ஆன்ட்டி உங்கள் தட்டை ஒரு நொடி பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொல்வார். எப்படி அந்தத் தொகைக்கு வந்தார் என்பது மலேசியர்களுக்கே நகைச்சுவைக்குரிய மர்மம். ஒரே அளவு எடுத்த இரண்டு நண்பர்களுக்கு இரண்டு விலை வருவதும் உண்டு.

மர்மத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பதார்த்தங்களை அவர் மூன்று படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்: கீரை, தவ்ஹு (டோஃபு), முட்டை கீழ்ப்படி, கோழி, பன்றி நடுப்படி, மீன், இறால், கணவாய் மேல்படி. எத்தனை வகை, எந்தப் படி, எவ்வளவு குவியல் என்பதை ஒரே பார்வையில் கூட்டுகிறார். ஒரு கரண்டியை இரண்டாகப் பிரித்து இரண்டு வகை எடுத்தால் இரண்டு வகைக்கான விலையே விழும். அதனால் பல வகையைத் துளித்துளியாக எடுப்பது வீண்செலவு. மீனை எடுப்பதற்கு முன் அதன் விலையைத் தனியாகக் கேட்டுவிடுவது உள்ளூர்க்காரர் வழக்கம், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

தமிழ் முஸ்லிம்கள் பினாங்கில் காவடித் தண்டில் சோறு சுமந்து விற்றதிலிருந்து வந்த நாசி கண்டார் கடைகளிலும் இதே கண்கணக்குதான் ஓடுகிறது. அங்கேயும் பில்லைத் தூக்கிவிடுவது பெரிய இறால்தான்.

உணவக பில்லை வரிவரியாகப் படித்தல்

தாய் சாவிலும் உணவகத்திலும் கல்லா ஒன்றுதான், ஆனால் பில்லில் வரிகள் பெருகிவிடும். சர்ச்சைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

1. தேநீர். உட்கார்ந்ததும் "என்ன தேநீர்?" என்று கேட்பது உபசாரம் மட்டும் இல்லை, ஆர்டர். தலைக்கு இவ்வளவு என்றோ கூஜாவுக்கு இவ்வளவு என்றோ கணக்கு. வெந்நீர் தீர்ந்தால் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், நிரப்பிவிடுவார்கள். அதற்குத் தனிக் காசு வராது.

2. வேர்க்கடலை, ஊறுகாய், ஈரக் கைத்துண்டு. மேசையில் தானாக வந்து உட்காரும். தொட்டாலும் பிரித்தாலும் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் வந்தவுடனேயே திருப்பி அனுப்பலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பல மலேசியர்களே கைத்துண்டை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் எழுவார்கள்.

3. அளவு. பட்டியலில் ஒரு பதார்த்தத்துக்கு நேரே இரண்டு மூன்று விலை இருந்தால் அது சிறியது, நடுத்தரம், பெரியது. அளவு சொல்லாவிட்டால் ஆர்டர் எடுப்பவர் தலையை எண்ணித் தானே முடிவு செய்வார். நாலு பேர் மூன்று பதார்த்தமும் ஒரு சூப்பும் சிறிய அளவில் எடுத்தால் வயிறு நிறையும்.

4. காலவிலை. மீன், நண்டு, பெரிய இறால் இவற்றுக்கு நேரே விலை இருக்காது, அன்றைய சந்தை விலை என்று பொருள்படும் இரண்டு சீன எழுத்துகள் மட்டும் இருக்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

உயிர்மீனின் வரத்தும் விலையும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். சீனப் புத்தாண்டு நெருங்கினால் தாவும். அச்சிட்ட பட்டியலில் ஒரு தொகையைக் கட்டிவைத்தால் கடைக்காரருக்கு நட்டம், அதனால் காலவிலை என்ற வழக்கத்தையே மோசடி என்று சொல்ல முடியாது. குழப்பம் அளவீட்டில் வருகிறது. சொல்லப்படும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கானது. "ஒன்பது வெள்ளி" (வெள்ளி என்றால் ரிங்கிட்) என்று காதில் விழுந்ததும் மீனே ஒன்பது வெள்ளி என்று தலையாட்டினால் கதை முடிந்தது. உதாரணத்துக்கு, 100 கிராம் 9 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தொட்டியிலிருந்து எடுத்த மீன் 1.2 கிலோ. 12 பங்கு, பங்குக்கு 9, ஆக 108 வெள்ளி. எடை போடுவதும் குடல், செதிள் நீக்குவதற்கு முன்.

மீனின் இனமும் கணக்கைப் புரட்டிப்போடும். பண்ணையில் வளரும் சியாகாப், அதாவது நம் கொடுவா, எளிய விலை. களவா இனங்கள் அதற்கு மேல். சரவாக்கு ஆறுகளில் கிடைக்கும் எம்புராவ் மீன் கிலோ பல நூறு வெள்ளி. "நல்ல மீனாக ஒன்று போடுங்கள்" என்று சொல்வது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என்ன மீன், எத்தனை கிராம், முழு மீனுக்கு எத்தனை வெள்ளி. மூன்றாவதற்கு எண்ணாகப் பதில் வாங்காமல் தலையாட்டக் கூடாது.

5. சோறு. கிண்ணத்துக்கு இவ்வளவு. பதார்த்தத்தோடு சேர்ந்து வருவதில்லை.

6. சேவைக் கட்டணம். பொதுவாக 10%. உணவகம் தானே போடுவது, அரசுக்குப் போவதில்லை. கெராயிலும் சாதாரணத் தாய் சாவிலும் இது இருக்காது.

7. சேவை வரி. இது அரசுக்கு. 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு 6%லிருந்து 8% ஆனது. சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் மட்டும் 6%லேயே விட்டுவைத்தார்கள். ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்கள்தான் இதை வசூலிக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு நாள்கூட மூடாமல் தினமும் 4,100 வெள்ளிக்கு மேல் விற்க வேண்டும். ஒற்றை அடுப்புக் கெராய்க்காரர் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. ஆகவே கோப்பிக்கடையில் சொன்ன விலைதான் கொடுக்கும் விலை; பேரங்காடி உணவகத்தில் பட்டியல் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் இந்த இரண்டும் மேலே ஏறும்.

விலையைக் காட்டாமலோ ஏமாற்றியோ விற்றதாகத் தோன்றினால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். கொள்ளை லாபத்தைத் தடுக்க 2011இல் இயற்றிய சட்டம் இருக்கிறது. ரசீது கையில் இருக்க வேண்டும். சமூக ஊடகத்தில் படம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது அதுதான்.

இவ்வளவு சொன்னதால் பயந்துபோய் உணவகத்தைத் தவிர்க்க வேண்டாம். தமிழர் நாக்குக்குப் பிடித்தமானது இங்கே நிறைய இருக்கிறது. காம் ஹியோங் என்ற தாளிப்பு மலேசியச் சீனச் சமையல்காரர்கள் இங்கேயே கண்டுபிடித்தது. கறிவேப்பிலை, கறித்தூள், உலர் இறால், சில்லி பாடி மிளகாய் எல்லாம் ஒன்றாக வெடித்துக் கிளம்பும் வாசம். லாலா சிப்பிக்கும் நண்டுக்கும் பொருத்தம். வெண்ணெய் இறாலிலும் கறிவேப்பிலை பொரிந்து கிடக்கும். சீனாவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தட்டுகளே புதிது.

தட்டின் விலை ஏன் ஏறுகிறது

கெராய்க்காரரின் செலவுகளில் பலவற்றுக்கு முன்பு அரசு முட்டுக்கொடுத்திருந்தது. ஒவ்வொன்றாக எடுக்கப்படுகிறது. கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் 2023 நவம்பர் 1இல் முடிந்தன. முட்டைக்கு 2025 ஆகஸ்ட் 1இல். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆனது. வீட்டுச் சமையல் எரிவாயு 14 கிலோ உருளை தீபகற்பத்தில் 26.60 வெள்ளி; வணிகத்துக்கான எரிவாயு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எந்த உருளையை எந்தக் கடை பயன்படுத்தலாம் என்று 2025இல் நடந்த சோதனைகள் சிறு வியாபாரிகளைக் கலங்கடித்ததற்கு இந்த இடைவெளியே காரணம்.

சமைக்கும் ஆள் கிடைப்பது அடுத்த சிக்கல். சார் கொய்த்தியாவ் (வதக்கிய தட்டை அரிசி நூடுல்ஸ்) போடுகிறவர் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் போடுவார், கூடிப்போனால் இரண்டு. சட்டி முழுக்கப் போட்டால் சூடு இறங்கி, அந்தக் கருகல் வாசம் வராமல் கொய்த்தியாவ் வெந்து குழைந்துவிடும். உற்பத்தியைப் பெருக்கி விலையைக் குறைக்க வழியில்லாத தொழில் இது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிரப்பத் தொடங்கியதும் பினாங்கு மாநில அரசு 2016 ஜனவரி முதல், அங்காடிக் கடைகளில் உள்ளூர்ப் பண்டங்களை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று விதித்தது. பரிமாறலாம், பாத்திரம் கழுவலாம், சட்டியைத் தொடக் கூடாது. ருசியைக் காக்க அந்த விதி உதவியிருக்கலாம். அடுப்புக்கு ஆளை அது கொண்டுவந்து தரவில்லை.

"பன்றி இல்லை" என்பதும் ஹலால் என்பதும்

மூன்றாவது கேள்விக்கு வருவோம்: சட்டியில் இதற்கு முன் என்ன வெந்தது?

1. "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்ற பலகை கடைக்காரர் தானே சொல்வது. அவர் உண்மையே சொல்லலாம். ஆனால் கோழியை இஸ்லாமிய முறைப்படி அறுத்தார்களா, மீனை ஆவியில் வேகவைக்கும்போது அரிசி மது ஊற்றினார்களா, சாஸ் எங்கிருந்து வந்தது என்பவற்றுக்கு அந்தப் பலகையில் பதில் இல்லை.

2. ஹலால் என்பது சான்றிதழ். ஜாக்கிம் எனப்படும் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையும் மாநில இஸ்லாமியச் சமய அமைப்புகளும்தான் வழங்கலாம். 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ், சான்றிதழ் இல்லாத உணவை ஹலால் என்று சொல்லி விற்பது குற்றம். அதனால்தான் கவனமான கடைக்காரர் "பன்றி இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

3. சான்றிதழ் கேட்டுப் பெறுவது கடைக்காரர் விருப்பம். பன்றியும் மதுவும் விற்காத உணவகங்கள் அதைக் கட்டாயம் பெற வேண்டுமா என்ற பேச்சு 2024 செப்டம்பரில் அரசுத் தரப்பில் எழுந்து பெரிய சர்ச்சையானது. விருப்பம் என்ற நிலை மாறவில்லை.

இந்துக்களின் கவலை வேறு: மாட்டிறைச்சி. இங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. குவான் யின் தேவியை வழிபடும் சீனர்களில் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. கோப்பிக்கடைகளில் மாட்டிறைச்சி மீ விற்கும் கெராய் தனியாக இருக்குமே தவிர, மற்றச் சட்டிகளில் அது வருவது குறைவு. தாய் சாவில் இஞ்சி மாட்டிறைச்சி பட்டியலில் இருக்கலாம், அங்கே சட்டி பொது. மாட்டிறைச்சியை ஒதுக்குகிறவருக்கு மாமாக் கடையைவிடச் சீனக் கோப்பிக்கடையில் சிக்கல் குறைவு என்று சொன்னால் தமிழ்நாட்டு நண்பர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் நிலைமை அதுதான்.

சைவக்காரர் எங்கே உட்காருவது

சாதாரணக் கெராயில் "காய்கறி மட்டும்" என்று கேட்பது போதாது. கங்கோங் கீரையில் பிளாச்சான் இருக்கும், அது இறால் விழுது. பச்சைக் கீரை வதக்கலின் மேல் சிப்பிச் சாஸ். மீயின் சாறு எலும்பில் ஊறியது. தாளித்த எண்ணெய் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். இதையெல்லாம் கடைக்காரர் மறைப்பதில்லை. அவர் அகராதியில் இறைச்சி என்பது கண்ணுக்குத் தெரியும் துண்டு, அவ்வளவுதான்.

பௌத்தச் சைவக் கெராயைத் தேட வேண்டும். பல கோப்பிக்கடைகளில் ஒரு மூலையில் இருக்கும். மாண்டரினில் சூ, கன்டோனீசில் ஜாய். சுவஸ்திகச் சின்னம் வரைந்திருப்பார்கள், நம்முடையதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. இங்கே கட்டுப்பாடு நம் ஆசாரக்காரர்களை நினைவூட்டும்: வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. முட்டையும் பாலும் சில கெராய்களில் உண்டு, கேட்டுக்கொள்ள வேண்டும். மீன் போலவும் சார் சியூ என்ற வாட்டிய பன்றி இறைச்சி போலவும் தெரிபவை சோயாவும் கோதுமைப் பசையும். முதல் தடவை பார்க்கிறவர் திடுக்கிட்டு எழுந்துவிடுவார்; கருவாட்டு வடிவம்கூடத் தத்ரூபமாகச் செய்கிறார்கள். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் இந்தக் கெராய்களில் வரிசை நீளும், மதியத்துக்குள் தட்டங்கள் காலியாகிவிடும்.

சீனர்களின் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழா. பக்தர்கள் வெள்ளை உடுத்திச் சைவம் இருப்பார்கள். தெருவில் சைவ அங்காடிகள் மஞ்சள் கொடியோடு முளைக்கும், வழக்கமாகப் பன்றி விற்கும் சில கெராய்களும் அந்த நாட்களுக்கு அடுப்பைக் கழுவிச் சைவத்துக்கு மாறும். அமாவாசையை ஒட்டித் தொடங்குவதால் பல ஆண்டுகளில் இந்த ஒன்பது நாளும் நவராத்திரியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மலேசியத் தமிழர் வீடுகளிலும் புரட்டாசி விரதம் நடக்கும் சமயம் அது. அந்த வாரத்தில் பினாங்குக்கு வருகிற சைவக்காரர் மஞ்சள் கொடியைப் பார்த்துத் தயங்காமல் உட்காரலாம். பக்கத்து மேசையில் புரட்டாசி விரதக்காரர் ஒருவர் ஏற்கெனவே சைவக் கறி மீ சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பானத்துக்கு மட்டும் காசைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது தவுக்கேயுடையது.